வலது புருவத்துத் தழும்பு

நோவா பாக்கா
8 நவம்பர் 1903

மெனா,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. அலோயிஸ் தறியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறார். நான் புளித்த மாவுக் கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு நூல் சுற்றி வந்த தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

ஒரு வருடமாக உனக்கு நான் எழுதவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். என் ஷிமோனைக் குழிக்குள் இறக்கியபோது அவனுடைய சித்தி வரவில்லை. அச்சு வேலை, கண்காட்சி என்று நாலு வரி எழுதிப் போட்டாய். ஏழு வயதுப் பிள்ளைக்கு நாலு வரி. சரி, அந்தப் பேச்சை இன்றைக்கு எடுக்கப்போவதில்லை. எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மெனா, அவன் வந்தான்.

சிரிக்காதே. கல்லறைத் திருநாளன்று மாலையில் பக்கத்து வீட்டு பார்போரா என்னைக் கலினோவா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கலினோவாவை உனக்கு ஞாபகம் இருக்கும், ரயிலடிப் பக்கம் இருக்கிற நெசவுக்காரர் விதவை. இப்போது இந்த ஊரில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் ஆவிகளோடு பேசுகிறார்கள், ஆனால் அவளைப் போல யாருக்கும் வாய்க்கவில்லை என்கிறார்கள். மேசையைச் சுற்றி ஆறு பேர். பரலோக மந்திரம் சொல்லி முடித்ததும் அவள் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு பையன் நிக்கிறான். வெறுங்காலு. மில்லு வாய்க்கா ஓரமா. நெத்தியில தழும்பு இருக்கு, வலது புருவத்துக்கு மேல, சாஞ்சாப்ல” என்றாள்.

நான் போட்ட கூச்சலில் விளக்கு அணைந்துவிட்டது.

“யாருப்பா நீ, என்ன வேணும் கண்ணு?” என்று அவள்தான் கேட்டாள். “அம்மாவ அழ வேணாம்னு சொல்லுங்க. எனக்குக் குளிரல” என்றானாம்.

குளிரவில்லை என்றான், மெனா. பற்கள் கிட்டிப்போய்ச் செத்த பிள்ளை. பெட்டிக்குள் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை வைத்து அனுப்பியவள் நான்.

உன் அத்தான் வழக்கம்போலத் தாம்தூம் என்று குதித்தார். “அந்தத் தழும்பு இடது பக்கம்டீ! என் தறியிலேர்ந்து தெறிச்ச நாடாக் கட்டை பட்டது. தறி அடிச்சவன் நானு, எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா?” என்றார். அது வாஸ்தவம்தான். மறுநாளே போய்க் கலினோவாவைக் கேட்டேன். “அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கறப்ப இடம் வலமாத்தான் தெரியும். வாய்க்காத் தண்ணியில உன் மூஞ்சியப் பாரேன்” என்றாள். எனக்கு அது போதும்.

ஒரு வருடத்துக்குப் பிறகு நேற்றுதான் ரொட்டியில் உப்பு இருப்பது என் நாக்குக்குத் தெரிந்தது. இரண்டு கிண்ணம் சூப் குடித்தேன். உன்மேல் இருந்த கோபமும் அதோடு இறங்கிவிட்டது போலிருக்கிறது. எழுது.

உன் அக்கா
ஒதீலியா


பிராக்
15 நவம்பர் 1903

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடி ஒரு தடவை படித்தேன். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து இன்னொரு தடவை. நீ இரண்டு கிண்ணம் சூப் குடித்தாய் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

கோபம் இறங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு சீக்கிரம் இறக்கிவைக்காதே அக்கா. அதற்கு நான் தகுதியானவள் இல்லை.

என் பிழைப்பு எப்போதும்போலத்தான். பகலெல்லாம் அச்சகத்தில் வரைபடத் தகடுகளுக்கு மை அடைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் என் சொந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் கீறுகிறேன். இங்கே சீமாட்டிகளுக்கு ஆன்மா என்றால் இப்போது பைத்தியம். கண்ணை மூடிய பெண், கையில் லில்லிப் பூ, பின்னால் நிலா, அவ்வளவு இருந்தால் போதும், வரவேற்பறையில் மாட்டிவிடுகிறார்கள். எங்கள் மேஸ்திரி, “மெனா அம்மா படத்துல ஒருத்தருக்காவது கண்ணைத் தொறக்கத் தெரியுதா பாரு” என்று கிண்டல் செய்கிறார். அவர் சொல்வது சரிதான்.

கலினோவா அம்மாவிடம் அடிக்கடி போக வேண்டாமே. பிள்ளை உன்னை அழ வேண்டாம் என்று சொல்லிவிட்டான், குளிரவில்லை என்று சொல்லிவிட்டான். அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு தடவை கேட்டதை வைத்துக்கொண்டு நீ சாப்பிடு, தூங்கு. திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அவனைத் தொந்தரவு செய்யாதே.

தழும்பு விஷயத்தில் அத்தானோடு சண்டை போடாதே. அவர் பாவம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதில் எழுத வரவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கால் கிலோ காப்பிக் கொட்டை தனியாக அனுப்பியிருக்கிறேன். சிக்கரி கலக்காமல் குடி.

மெனா


நோவா பாக்கா
10 ஜனவரி 1904

மெனாக் கண்ணு,

அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்றாயே, அந்த அடுத்த கடிதம் எங்கே? காப்பி வந்தது. அலோயிஸ் வாசனை பிடித்தே பாதியைத் தீர்த்துவிட்டார்.

நீ என்ன சொன்னாலும் நான் வாரம் தவறாமல் கலினோவா வீட்டுக்குப் போகிறேன். கிறிஸ்துமஸ் இரவில் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அக்ரூட் கொட்டை ஓடுகளில் மெழுகுவர்த்தி மிதக்கவிட்டோம். எனக்கு ஒன்று, அலோயிஸுக்கு ஒன்று. அவர் பார்க்காதபோது ஷிமோனுக்கும் ஒன்று விட்டேன். அது தொட்டியைச் சுற்றிவிட்டு நேரே வந்து என் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஊதினாலும் நகரவில்லை. அப்போதே என் மனசுக்குள் ஏதோ சொல்லியது.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் அவனே சொல்லிவிட்டான். கலினோவா குரல் கம்மிப்போய், “நான் திரும்பி வர்றேம்மா. கதவத் தொறந்து வை” என்றாள். கூட்டத்தில் இருந்த எல்லாருமே அழுதார்கள். அவர்கள் நம்பிக்கைப்படி ஆத்துமா ஒரே தடவை வந்துவிட்டுப் போவதில்லை, வீடு பிடித்திருந்தால் அதே வீட்டில் மறுபடி பிள்ளையாகப் பிறந்து வரும்.

உனக்கு இப்போது டாக்டர் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஷிமோனுக்குப் பின்னால் ஒன்று செத்தே பிறந்ததே, அன்றைக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீதான். “இன்னொரு பிரசவத்த உங்க உடம்பு தாங்காதும்மா. பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க” என்று அவர் சொன்னது உன் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து உன் அத்தான் படுக்கை தறிக்கூடத்துக்குப் போய்விட்டது. நேற்று அதை நானே உள்ளே இழுத்துப் போட்டேன். “என்னடி இது?” என்றார். “தறிக்கூடத்துல குளிரு, இருமல் ஜாஸ்தியாவுது” என்றேன். நாற்பத்தொரு வயதில் எனக்கு வெட்கம் வந்தது, சொன்னால் சிரிப்பாய்.

நீதான் ஞானத்தாய். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று. போனதுக்கு முந்தின அக்டோபரில் நான் மாமியாரைப் பார்க்க யிச்சீனுக்குப் போன நாலு நாள் நீதான் ஷிமோனோடு இருந்தாய். நான் திரும்பி வந்தபோது அவனுக்குக் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது, அப்புறம் பேச்சு சரியாக வரவில்லை. அவன் நல்லபடியாகப் பேசிய கடைசி நாட்கள் உன்னிடம் இருக்கின்றன. என்ன பேசினான், என்ன விளையாடினான், ஒன்று விடாமல் எழுது. உனக்கு அது ஒன்றுமில்லை, எனக்கு அதுதான் சொத்து.

அக்கா


பிராக்
14 ஜனவரி 1904

அக்கா,

படுக்கையை உடனே தறிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்றைக்கு விளக்குப் பிடித்தவள் நான்தான். நீ மயங்கிக் கிடந்தாய், உனக்குத் தெரியாது. வாளியில் எவ்வளவு ரத்தம் போனது என்று நான் பார்த்தேன். டாக்டர் உன்னிடம் பாதிதான் சொன்னார். வெளியே வந்து கை கழுவும்போது என்னிடம், “அடுத்த தடவை என்னைக் கூப்பிடாதீங்க, சாமியாரக் கூப்பிடுங்க” என்றார்.

ஒரு விதவை கண்ணை மூடிக்கொண்டு எதையோ சொல்கிறாள் என்பதற்காக உயிரைப் பணயம் வைப்பதா? உன் புத்தி எங்கே போயிற்று? அவளும் மனுஷிதானே. அவளுக்கு எப்படியெல்லாமோ விஷயம் தெரிய வரலாம். ஊர் முழுக்க ஷிமோனைப் பார்த்திருக்கிறது. தயவுசெய்து யோசி.

அந்த நாலு நாளைப் பற்றிக் கேட்டாய். அவன் நன்றாக இருந்தான். வாய்க்கால் பக்கம் விளையாடினான்.

மெனா


நோவா பாக்கா
2 பெப்ரவரி 1904, மெழுகுவர்த்தித் திருநாள்

ஃபிலோமெனா,

“அவன் நன்றாக இருந்தான். வாய்க்கால் பக்கம் விளையாடினான்.” இவ்வளவுதானா? அடக்கத்துக்கு நாலு வரி, நாலு நாளுக்கு ஒரு வரி. படம் போட்டால் மட்டும் அங்குல அங்குலமாக ஒரு வாரம் கீறுவாய்.

உனக்கு என்மேல் அக்கறை இருப்பது தெரிகிறது. ஆனால் அந்த அக்கறைக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது, அதுவும் தெரிகிறது. நீ என் தங்கச்சி. நீ பொய் சொல்லும்போது வாக்கியம் எல்லாம் குட்டையாகிவிடும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

சீமாட்டிகளுக்கு ஆன்மாவைத் தாளில் அடித்துக் கொடுக்கிறாய், உன் சோறே அதில்தான் வருகிறது. எனக்கு என்று ஒரு ஆத்துமா வந்து கதவைத் தட்டினால் மட்டும் டாக்டரைக் கூப்பிடுகிறாய். ஊருக்கு விற்கிற நீ அதை நம்பவில்லை, காசில்லாமல் கேட்கிற நான் நம்புகிறேன். நம்மில் யார் மோசம்?

இன்று கோயிலில் மந்திரித்துக்கொண்டு வந்த மெழுகுவர்த்தியை அவன் கட்டில் இருந்த இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். கதவைத் திறந்து வைக்கச் சொன்னான், திறந்துதான் வைத்திருக்கிறேன். என் பிள்ளைக்காகச் சாவதென்றால் செத்துப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை.

மறுபடி டாக்டர், வாளி என்று எழுதுவதானால் எழுதவே வேண்டாம்.

ஒதீலியா


பிராக்
20 மார்ச் 1904

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவது இது. நீ சொன்னது சரி, வாக்கியம் குட்டையாகிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். முழுக்கப் படித்த பிறகு கிழித்துப் போடு.

அந்த நாலு நாளும் ஷிமோன் விளையாடவில்லை. நான்தான் அவனை வாய்க்கால் ஓரம் நிற்கவைத்தேன். வெறுங்காலோடு, மேல்சட்டை இல்லாமல், உள்சட்டையோடு மட்டும். அக்டோபர் மாதம். எனக்குத் தண்ணீர் ஓரம் நிற்கிற ஒரு ஆன்மா வேண்டியிருந்தது. கறுப்பு மெழுகு பூசிய செப்புத் தகட்டை மடியில் வைத்துக்கொண்டு ஊசியால் நேரே அவனைப் பார்த்துக் கீறினேன். “சித்தி, காலு மரத்துப்போச்சு” என்றான். “இன்னும் கொஞ்சம்டா ராஜா, பாதம் மட்டும்தான் பாக்கி” என்றேன். மூன்றாம் நாள் தும்மினான். நாலாம் நாளும் நிற்கவைத்தேன், ஏனென்றால் பாதம் சரியாக வரவில்லை. அவன் அழவே இல்லை அக்கா. முடித்ததும், “நான் அசையவே இல்லையே, பாத்தீங்களா?” என்று பெருமையாகக் கேட்டான். கடைசியாக அவன் என்ன பேசினான் என்று கேட்டாயே. இதைத்தான் பேசினான்.

அடக்கத்துக்கு நான் வராதது கண்காட்சியால் இல்லை. உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தப் படம் அந்தக் கண்காட்சியில் தொங்கியது, அதுவும் உண்மை. எல்லாரும் பாராட்டினார்கள். பன்னிரண்டு பிரதிகள் போயின.

போன செப்டம்பரில் அத்தான் எனக்கு ஒரு கடிதம் எழுதினார், உனக்குத் தெரியாமல். நீ சாப்பிடுவதில்லை என்றும், பொழுதெல்லாம் மில் வாய்க்கால் ஓரம் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்றும், ஒருநாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாய் என்றும் எழுதியிருந்தார். அக்டோபர் கடைசியில் ரயிலேறி வந்தேன். உன் வீட்டுக்கு இல்லை. கலினோவா வீட்டுக்கு. அந்தப் படத்தில் ஒரு பிரதியை அவள் மேசைமேல் வைத்தேன். “என் அக்கா உங்ககிட்ட வருவா. பார்போராவுக்கு எழுதிருக்கேன், கூட்டிட்டு வருவா. பையன் நல்லா இருக்கான், குளிரலன்னு மட்டும் சொல்லிருங்க” என்றேன். அவள் கோபித்துக்கொண்டாள். “நான் பொய் சொல்றவ இல்லம்மா. வர்றவங்க வந்தா பேசுவாங்க” என்றாள். ஆனால் படத்தைத் திருப்பித் தரவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

உன் தெரு முனைவரை வந்தேன். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. தறிச் சத்தம் கேட்டது. அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போய் ரயிலேறினேன்.

இனித் தழும்பு. தகட்டில் கீறுவது தாளில் விழும்போது இடம் வலமாகிவிடும் அக்கா. முத்திரையைப் போலத்தான். தகட்டில் மை அடைத்து, ஈரத்தாளைப் போட்டு உருளையில் இழுத்தால் எல்லாம் திரும்பித்தான் வரும். அதனால்தான் நாங்கள் முதலில் தாளில் வரைந்து, அதைப் புரட்டித் தகட்டில் ஏற்றிக்கொள்வோம். அன்றைக்கு அவசரம், வெளிச்சம் போய்விடும் என்று நேராகவே கீறினேன். முகம்தானே, திரும்பினால் என்ன என்று நினைத்தேன். தழும்பை மறந்துபோனேன். ஷிமோனுக்கு இடது புருவத்தில் இருந்த தழும்பு என் படத்தில் வலது புருவத்தில் இருக்கிறது. இந்த உலகத்தில் வலது புருவத்தில் தழும்பு உள்ள ஷிமோன் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறான். கலினோவா பார்த்தது அவனைத்தான்.

அத்தான் சொன்னதுதான் சரி. உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். நீ சூப் குடித்தாய் என்று எழுதியிருந்தாய், அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஜனவரியில் வாயைத் திறக்காததற்குக் காரணம் வெறும் பயம்தான், உனக்காக இல்லை, எனக்காக. திரும்பி வருகிறேன் என்று சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை, அது மட்டும் சத்தியம். ஆனால் நான் வைத்த தீதானே.

படுக்கையைத் திருப்பிப் போடு அக்கா. யாரும் திரும்பி வரவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

மெனா


நோவா பாக்கா
5 ஏப்ரல் 1904

ஃபிலோமெனா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. ஈஸ்டர் முடியட்டும் என்று இருந்தேன். நேற்று பையன்கள் பின்னல் கம்போடு வீடு வீடாக ஈஸ்டர் முட்டை கேட்டு வந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அலோயிஸிடம் படித்துக் காட்டினேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். “இடது பக்கம்னு நான் அப்பவே சொன்னேன்ல” என்றார், அவ்வளவுதான். பிறகு தறியின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

கலினோவா வீட்டுக்குப் போனேன். படம் அங்கேதான் இருந்தது. “இதப் பாத்துட்டுத்தான் என் புள்ளய வர வெச்சியா?” என்று கேட்டேன். அவள் மறைக்கவில்லை. “பாத்தேன்தான். ஒரு வாரம் என் கண்ணு முன்னாடியே நின்னான். அப்புறம் கண்ண மூடினா அவன்தான் வந்தான். பேசினது அவனா நானான்னு எனக்கே தெரியல ஒதீலியா. திரும்பி வர்றேன்னது எங்கேர்ந்து வந்துச்சுன்னு சத்தியமாத் தெரியல. நீ அதத்தான் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்த” என்று சொல்லி அழுதாள். அவளை அடிக்கலாம் என்றுதான் போனேன். அவள் அழுததும் கை எழவில்லை.

அவள் வீட்டுச் சுவரோரம் இருந்த படத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். பாதம் சரியாக வந்திருக்கிறது.

உன்னை என்ன வேண்டுமானாலும் சொல்லச் சொல்கிறாய். சொன்னால் உனக்கு நிம்மதி கிடைத்துவிடும். அதனால் சொல்லமாட்டேன். காய்ச்சல் அந்தத் தண்ணீரில் வந்ததா, அந்த மாதம் தெருவில் நாலு வீட்டில் இருந்ததே அதில் வந்ததா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. இரண்டு பேரும் தெரியாமலே கிடக்க வேண்டியதுதான்.

படுக்கையைத் திருப்பிப் போடச் சொல்கிறாய். எனக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம் ஆகிறது.

ஜனவரி பதினாலில் நீ எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு இந்த வயிற்றில் ஒன்றும் இல்லை. வாளியைப் பற்றி எழுதின இடத்தில் தகட்டைப் பற்றி எழுதியிருந்தால் போதும். என்மேல் உனக்கு அன்பு இல்லை என்று சொல்லமாட்டேன். உன்மேல் உனக்கு இருக்கிற அன்பு அதைவிட ஒரு பிடி கூட, அவ்வளவுதான்.

முன்பு எனக்குப் பயமே இல்லை, ஷிமோன் வருகிறான் என்று இருந்தேன். இப்போது யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை. முன்பின் தெரியாத யாரோ என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கிறது. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

ஒன்று மட்டும் செய். தகட்டில் தழும்பு எந்தப் பக்கம் இருக்கிறது? நீ எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் புரிந்ததென்றால், தகட்டில் இருப்பவன்தான் என் பிள்ளை. படம் எனக்கு வேண்டாம். தகட்டை அனுப்பு.

ஒதீலியா


பிராக்
11 ஏப்ரல் 1904

அக்கா,

இடது பக்கம். தகட்டில் அவன் இடது புருவத்தின்மேல்தான் இருக்கிறது, என் எதிரே நின்றபோது இருந்தபடியே. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும்.

ஆட்டுத் தோலில் சுற்றி அனுப்புகிறேன். விற்காமல் இருந்த பிரதிகளை அடுப்பில் போட்டுவிட்டேன். போனவற்றைத் திருப்பி வாங்க முடியாது. யார் யார் வீட்டுச் சுவரிலோ அவன் வெறுங்காலோடு நிற்கிறான்.

ஒரு தகட்டிலிருந்து இனிப் பிரதி எடுக்கக் கூடாதென்றால் அதன் குறுக்கே கூரான ஆணியால் ஒரு கோடு இழுத்துவிடுவோம். அச்சுக்காரர் வழக்கம். அதைச் செய்து அனுப்பத்தான் உட்கார்ந்தேன். ஆணியை எடுத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன், அவன் முகத்தின் குறுக்கே என் கை போகவில்லை. நாலு நாள் குளிரில் நிற்கவைக்கப் போன கை, இதற்குப் போகவில்லை. அதையும் உன் தலையில் கட்டுகிறேன், மன்னித்துவிடு. மன்னிக்க வேண்டாம், செய்துவிடு.

டாக்டருக்கு எழுதியிருக்கிறேன். திட்டினார், ஆனால் வருவார். நீ சொல்கிறவரை நான் வரமாட்டேன். சொன்னால் அன்றைக்கே ரயிலேறுவேன். ஊசியைத் தொட்டு மூன்று வாரம் ஆகிறது.

உன் வயிற்றில் இருப்பதற்காக ஜெபம் செய்ய உட்கார்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன். ஆன்மாக்களைப் படம் போட்டே பத்து வருடம் பிழைத்தவளுக்கு ஒரு ஜெபம் வரவில்லை.

மெனா


நோவா பாக்கா
4 நவம்பர் 1904

மெனா,

இந்தக் கோணல் எழுத்துக்குக் காரணம், படுத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டது. நீ அனுப்பிய ஏழு கடிதங்களும் வந்தன. பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

போன சனிக்கிழமை பிறந்தது. பெண். டாக்டர் ஒரு நாள் முழுக்க இருந்தார். சாமியாரும் வந்தார், சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். அலோயிஸ் அவரைப் பார்த்து, “எதுக்கு இவ்ளோ அவசரம், உக்காருங்க, காப்பி குடிங்க” என்று சண்டைக்குப் போனாராம். எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது உன் அத்தான் என் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். “பொழச்சிட்டீங்கம்மா, எப்படின்னு என்னைக் கேக்காதீங்க” என்றார் டாக்டர். இன்னும் எழுந்து நிற்கவில்லை.

கையில் கொடுத்ததும் முதலில் நெற்றியைத்தான் பார்த்தேன், மெனா. நம்பவில்லை என்று ஆன பிறகும் பார்த்தேன். இரண்டு புருவத்துக்கு மேலேயும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. யார் ஜாடையும் இல்லை. யாரோ ஒருத்தி. என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். இவ்வளவு மாதம் இவளை யாரோ என்று நினைத்துக்கொண்டு சுமந்தேனே என்று அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. குற்றம் செய்கிறவள் நீ ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு நான் போக முடியவில்லை. அலோயிஸ் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். தகடு என் தலைமாட்டில் இருக்கிறது. ஏப்ரலிலேயே அவருடைய ஆணியை வாங்கிக் கோடு இழுத்துவிட்டேன். முகத்தில் இல்லை, காலில் இல்லை. கீழே இருக்கிற தண்ணீரில் இழுத்தேன், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கை வலிக்க. இனி அவனை யாரும் திருப்பிப் போட முடியாது. சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தால் அவன் தெரிகிறான். கொஞ்சம் நகர்த்தினால் என் முகமும் அதில் தெரிகிறது.

கட்டிலைச் சுற்றிப் பேறுகாலத் திரை கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் வெளியே வரக் கூடாது. திரைக்குள்ளே இருக்கிறவளுக்கு ஞானத்தாய்தான் சூப் கொண்டுவர வேண்டும் என்பது உனக்கும் தெரியும். பார்போரா நான் கொண்டுவருகிறேன் என்று மூன்று தடவை வந்து நின்றாள். “என் தங்கச்சி கொண்டாருவா” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். ஜனவரியில் உன்னிடம் சொன்ன சொல் அது. நான் சொன்னால் சொன்னதுதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது. இந்தத் தடவை தெரு முனையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகாமல் கதவைத் தட்டு.

பிள்ளையை நீ தூக்கலாம். வரையக் கூடாது. ஊசி, பென்சில், தாள் எதுவும் எடுத்துவராதே. கோழி சூப் மட்டும் கொண்டு வா. உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடு.

அக்கா